காவிரிக் கரைக் குறிப்புகள்: நாற்பது புள்ளிகள்

நவராத்திரி நெருங்கும்போது எங்கள் மேல வீதி வீட்டில் பரணிலிருந்து முதலில் இறங்குவது பொம்மைப் பெட்டி அன்று. ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா. கத்தரி, பசை, வண்ணத்தாள், ஜரிகை நூல், சம்கி என என் மனைவியின் உடைமைகள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கொலு அழைப்பு அட்டைகளை அவர் கையாலேயே வெட்டி, ஒட்டிச் செய்துவந்தார். ஒரு வருடம் தாமரை, மறுவருடம் கிளி, இன்னொரு வருடம் குத்துவிளக்கு. வங்கியில் எங்களுக்கு அரையாண்டுக் கணக்கு முடிக்கும் செப்டம்பர் இறுதியும் அவருடைய அட்டை வேலையும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வரும். இரவு பத்து மணிக்கு நான் வீடு திரும்பினால், கூடத்தில் தாள் துணுக்குகளின் நடுவே அவர் அமர்ந்திருப்பார். இருவருமே அன்றைய கணக்கு முடியாதவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கைநடுக்கம் வந்தது. முதலில் காபி தம்ளர் தளும்பிற்று. பிறகு வாசற்கோலத்தின் இழை கோணிற்று. வயதினால் வருவது, மருந்து குறைக்கும், முற்றிலும் போக்காது என்றார் மருத்துவர். அந்த நவராத்திரிக்குக் கிளி வெட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு கிளிக்கும் மூக்கு அறுபட்டுக்கொண்டே வந்தது. ஆறாவது கிளியோடு டப்பாவை மூடிவிட்டார். அடுத்த மூன்று வருடங்கள் எங்கள் கொலு அழைப்பு கைபேசியில் சென்றது. வருகிறவர்கள் வந்தார்கள், தாம்பூலம் பெற்றார்கள். எவரும் அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு வருத்தம் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது.

பின்னர்ச் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மகள் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பார்வைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரின்டர் போலத்தான் இருக்கும். மை இருக்க வேண்டிய இடத்தில், நெல்மணியின் மூக்களவே உள்ள ஒரு கத்தி. 12 அங்குலச் சதுரப் பாய் ஒன்று உண்டு. அதன் மேற்புறம் இலேசாகப் பிசுபிசுக்கும். அதில் தாளை ஒட்டி இயந்திரத்தின் வாயில் கொடுத்தால், பாய் முன்னும் பின்னுமாக ஓடும். கத்தி இடமும் வலமுமாக ஓடும். இரண்டு ஓட்டமும் சேர்ந்தால் எந்த வளைவும் வெட்டுப்பட்டு வந்துவிடும். வடிவத்தைக் கைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ அனுப்பவேண்டும்.

இதில் புதுமை என்ன என்று அச்சகத் தொழில் அறிந்தவர்கள் கேட்பார்கள். கும்பகோணத்திலும் சிவகாசியிலும் கல்யாணப் பத்திரிகைகளைக் கலச வடிவிலும் கோபுர வடிவிலும் வெட்டுவது பழைய சங்கதிதான். எஃகுப் பட்டையை வேண்டிய உருவத்திற்கு வளைத்துப் பலகையில் பதித்து, அட்டையின் மேல் அழுத்துவார்கள். அதற்கு 'டை' என்று பெயர். ஆயிரம் பத்திரிகைக்கு ஒரு டை செய்தால் கட்டும். நாற்பது அட்டைக்கு எந்த அச்சகமும் டை செய்து தராது. செய்தாலும் நமக்குக் கட்டாது. டையே இல்லாமல், உருவத்தைக் கணக்காக மட்டும் வாங்கிக்கொண்டு வெட்டுவதுதான் இந்த மின் இயந்திரத்தின் காரியம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று 2006இல் 'கிரிகட்' என்ற பெயரில் இதனை வீடுகளுக்கு ஏற்ற அளவில் கொண்டுவந்தது. 'சில்லவுட்', 'பிரதர்' என்று வேறு பெயர்களிலும் இப்போது கிடைக்கிறது. விலை சில பத்தாயிரங்கள். நானாக இருந்தால் வாங்கியிருக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ்வருடம் மீண்டும் அட்டைகள் போயின. சரஸ்வதி பூஜையன்று வந்திருந்த பெண்மணிகள் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு பாராட்டினார்கள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களே மாமி" என்றார் ஒருவர். நான் நாற்காலியிலிருந்தபடி, "மாமி எங்கே செஞ்சா? எல்லாம் மெஷின் செஞ்சது" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். என் மனைவி குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு போனார்.

அனைவரும் சென்றபின், சுண்டல் பாத்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டே கேட்டார்: "இருபது வருஷம் லெட்ஜரைக் கையால எழுதினீங்க. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அதுக்கப்புறம் நீங்க பார்த்தது பாங்க் வேலையே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்ததுன்னு உங்க ஆபீஸ்ல யாராவது நாலு பேர் முன்னால சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள், விஜயதசமிக்குப் புதிதாக ஒரு வித்தை தொடங்கவேண்டும் என்பார்களே, நான் அவர் அருகில் அமர்ந்து அந்த அட்டை எப்படி உருவாகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

பார்த்தபோதுதான் விளங்கியது. தாமரையைச் சிறிய தாளில் வரைந்தால் நடுக்கம் தெரியும். ஆகவே அவர் கூடத்துத் தரையில் முழுச் சார்ட் தாளை விரித்து, கோலம் போடுவதுபோல் குனிந்து, விரலை நம்பாமல் தோளிலிருந்து கையை ஓட்டி, இரண்டடி அகலத்துக்குத் தாமரை வரைகிறார். அதிலும் நடுக்கம் இருக்கிறது. ஆனால் பேத்தி அதைப் படமெடுத்து மூன்று அங்குலத்துக்குச் சுருக்கும்போது, பூவோடு நடுக்கமும் சேர்ந்து சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எவரும் சொல்லித் தந்ததன்று, அவரே கண்டுகொண்டது. கத்தி வெட்டியது உண்மை. எந்த இதழ் எங்கே மடிய வேண்டும் என்பது அந்தக் கத்திக்குத் தெரியாது.

என் நினைவு அப்போது 1990களுக்குச் சென்றது. தஞ்சைக்கு அருகில் ஒரு கிளையில் நான் கடன் பிரிவைக் கவனித்துவந்தேன். நெட்டி வேலை செய்பவர் ஒருவர் சிறுகடன் கேட்டு வந்தார். வாசகர்களில் நம் பக்கத்தவர்க்கு நெட்டியைச் சொல்லவேண்டியதில்லை. குளத்திலும் தாழ்ந்த நீர்நிலைகளிலும் வளரும் செடி. தண்டின் உள்ளிருக்கும் வெண்மையான தக்கை, பஞ்சைப் போலக் கனமற்றது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் நாம் கட்டும் மாலை அதுவே. அதையே மெல்லிய தகடுகளாகச் சீவிப் பெரிய கோயில் விமானத்தை அடுக்கடுக்காக எழுப்பிவிடுவார்கள் நம்மூர்க் கலைஞர்கள். விண்ணப்பப் படிவத்தில் 'இயந்திரங்கள், தளவாடங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் இடுப்பிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலாளர் சிரித்துவிட்டார். நான் 'கத்தி 1' என்று எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை.

தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். இந்த இயந்திரத்தைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார்? விற்பனைக்கென்று வரும்போது நான் அவர் கட்சி. இயந்திரத்தில் வெட்டியதைக் கைவேலை என்று எழுதி விற்பது பொய்க்கணக்கு. ஒரு கத்தியை மட்டும் நம்பிப் பிழைப்பவரின் சோற்றில் அது கைவைக்கும். எங்கள் வீட்டு அட்டைகள் விற்பனைக்கல்ல. இருந்தும் அதன் பின்புறம் 'வரைந்தும் ஒட்டியும் செய்தது, வெட்டியது இயந்திரம்' என்று இப்போது சிறியதாக எழுதுகிறோம். அது என் யோசனை. சரஸ்வதி பூஜை அன்று பேசியதற்கு நான் கட்டிய அபராதம் என்றும் கொள்ளலாம்.

தாளை வெட்டி இறைவனுக்கு அலங்காரம் செய்வது நம் நாட்டில் புதிதன்று. மதுரா, விருந்தாவனம் பகுதியில் 'சாஞ்ஜி' என்றொரு கலை உண்டு. கண்ணனின் லீலைகளைத் தாளில் சிறு கத்தரியால் மிக நுட்பமாகத் துளைத்து, அத்துளைகளின் வழியே வண்ணப்பொடியைத் தூவிக் கோயில் மேடையில் சித்திரம் எழுப்புவார்கள். ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனித் தாள். பித்ரு பட்ச நாள்களில் இது நடைபெறும். எழுப்பிய சித்திரம் நிலைத்திருப்பதில்லை. நம் வாசற்கோலம் போலத்தான், கலைத்துவிட்டு மறுபடி இடுவார்கள். இக்கலையைப் பேணும் கோயில்களுள் ஒன்று ராதாரமணர் ஆலயம். 1542இல் அம்மூர்த்தியை எழுந்தருளச் செய்தவர் கோபால பட்டர். நம் காவிரி சூழ்ந்த திருவரங்கத்தில் பிறந்தவர். ஸ்ரீசைதன்யர் தென்னாட்டு யாத்திரையின்போது இவர் தந்தை வேங்கட பட்டரின் இல்லத்தில் சாதுர்மாஸ்யம் நான்கு மாதமும் தங்கினார் என்பது அம்மரபினர் கூறும் வரலாறு. சாஞ்ஜிப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று என் மனைவி சொன்னது: "நம்ம ஊர்ப் பிள்ளை அங்கே போனப்போ கோலமும் கூடப் போயிருக்கும்." இதற்குச் சான்று கேட்காதீர்கள்; அவர் சொன்னதை எழுதுகிறேன்.

துளைத்தாள் வெட்டுவோர்க்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு வளையத்தை முழுதாக வெட்டினால் நடுவிலுள்ள வட்டமும் சேர்ந்து விழுந்துவிடும். விழாதிருக்க ஆங்காங்கே மெல்லிய பாலம் விடவேண்டும். சாஞ்ஜிக் கலைஞர் அந்தப் பாலத்தைக் கொடியாகவும் இலையாகவும் மாற்றிவிடுகிறார். கோலத்தட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், அதே பாலங்கள் அங்கேயும் இருக்கும்.

நடைமுறையில் நாங்கள் கற்றவை சில. அட்டை 200 முதல் 250 ஜி.எஸ்.எம். இருந்தால் வெட்டு சுத்தமாக விழுகிறது. புதுச்சேரி ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் செய்துவரும் கையால் செய்த தாள் மிக அழகு. பருத்தித் துணுக்கிலிருந்து வருவதால் நார் மிகுதி, கத்தியில் சிக்கி இழுபடுகிறது. அதை அடித்தாளாக வைத்து, வெட்டிய பூவை அதன்மேல் ஒட்டுகிறோம். வெட்டியானதும் தாளைப் பாயிலிருந்து உரிக்கக்கூடாது, சுருண்டுவிடும். தாளை மேசையில் கவிழ்த்துப் பாயைத்தான் வளைத்து உரிக்கவேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டஜன் கோபுரங்களைச் சுருட்டினேன். பூவின் நடுவில் ஒரு நெட்டி மொட்டை ஒட்டுவது என் மனைவியின் விருப்பம். அது கடையில் வாங்கியது, கத்தி வேலை.

இறைவன் திருவுருவை மட்டும் அவர் வெட்டுவதில்லை. முகம் வெட்டினால், மீதித் தாளிலும் அதே முகத்தின் ஓட்டை நிற்கும். அதைக் குப்பையில் எப்படிப் போடுவது? தாமரை, சங்கு, விளக்கு, கோபுரம், மாவிலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார். இவ்விஷயத்தில் நம் எல்லார் வீட்டிலும் ஒரு பாரம் இருக்கிறது. பிள்ளையார் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போகின்றன. எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை. சிலர் ஆற்றில் விடுகிறார்கள். மினுக்குத்தூளும் பிளாஸ்டிக் பூச்சும் பூசிய அட்டை காவிரியில் கரைவதில்லை. மதகில் சிக்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். போகியில் எரித்தால் அந்தப் பூச்சு புகையாகிறது. நாங்கள் மினுக்குத்தாளை நிறுத்திவிட்டோம். வந்த பத்திரிகைகளில் படம் இல்லாத பின்பக்கத்தைப் பூ வெட்டப் பயன்படுத்துகிறோம். படத்தைப் பத்திரமாக வெட்டி எடுத்துப் பூஜையறை ஆல்பத்தில் ஒட்டிவைக்கிறார்.

எழுத்துகளிலும் ஒரு தொல்லை வந்தது. 'நவராத்திரி' என்று தங்க நிறத் தாளில் வெட்டி முகப்பில் ஒட்ட ஆசைப்பட்டார். தமிழை அப்படியே அனுப்பினால் கொக்கியும் விசிறியும் இடம் மாறி விழுந்தன. எழுத்தை முதலில் படமாக மாற்றி அனுப்பியபின் சரியாயிற்று. ஆயினும் 'த்'தின் புள்ளி தனியே உதிர்ந்துவிடும். மற்ற எழுத்துகளை வரிசையாக எடுத்து ஒட்டலாம், புள்ளி கடுகளவு. எழுத்தோடு ஒரு சிறு பாலம் போட்டுச் சேர்த்துவிடலாம் என்று பேத்தி திரையில் வரைந்தே காட்டினாள். என் மனைவி ஒப்பவில்லை. "எழுத்தோட ஒட்டிக்கிட்டா அது புள்ளியாடி? கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு."

ஆகவே புள்ளி ஒட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. நடுங்காத கை வீட்டில் இப்போது என்னுடையதுதான். அட்டைக்கு ஒன்று வீதம் 40 அட்டைக்கு 40 புள்ளிகள். பல் குச்சியின் முனையில் பசை தொட்டு, புள்ளியை ஏந்தி, 'த'வின் தலைக்கு மேல் வைக்கவேண்டும். சற்றுத் தள்ளி வைத்தால் 'ரா'வின் துணைக்காலுக்குச் சொந்தமாகிவிடும். வெட்டிய புள்ளிகளை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருந்தோம்.

சென்ற வருடம் மகாளய அமாவாசைக்கு முந்தின இரவு ஒட்டி முடித்தேன். 39 அட்டைகளில் புள்ளி இருந்தது, சிமிழ் காலி. ஒரு புள்ளி குறைவு. கத்தரித்துப் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாமே என்றேன். "காசு குறைஞ்சா கையிலேர்ந்து போட்டு டாலி பண்ணுவீங்களா?" என்றார். மேசைக்கு அடியில், பாயின் ஓரத்தில், தகர டப்பாவுக்குள் எல்லாம் டார்ச் அடித்துத் தேடினோம். மணி பதினொன்றைத் தாண்டிற்று. விளக்கை அணைக்கப் போகையில் அவருடைய முழங்கைக்குக் கீழே, பொன்னிறத்தில், கடுகளவாய் அது ஒட்டிக்கொண்டிருந்தது.