எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

பூந்தமல்லியைக் கடந்து நசரத்பேட்டை வழியே பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர், செம்பரம்பாக்கத்துப் பக்கம் உள்ள ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தை அறிவர். அத்தகைய தளங்களிலே தச்சரும் தையற்காரரும் லைட்மேன்களும் இரவு பகலாய்ப் பாடுபட்டு உருவாக்கும் காட்சிகள், வெளியான சில நாழிகைக்குள், படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டும், குரலின் சுருதி சற்றே ஏற்றப்பட்டும், சம்பந்தமற்ற எவருடைய சானலிலோ உலவுவது நமக்குப் பழகிப்போன விஷயமாகிவிட்டது.

இந்த வேஷமெல்லாம், யூடியூப் 2007-இல் நியமித்த கன்டென்ட் ஐடி என்னும் இயந்திரக் காவலனை ஏய்ப்பதற்கே. பிறர் சொத்தை அனுமதியின்றி ஏற்றியவர்களாலேயே அத்தளம் கூட்டம் சேர்த்தது என்று குற்றஞ்சாட்டி, அதே ஆண்டில் வயகாம் என்னும் ஊடக நிறுவனம் நூறு கோடி டாலர் கேட்டு வழக்காடியது. 2014-இல் அது சமரசத்தில் முடிந்தது. இன்று அக்காவலன் காட்டிக்கொடுக்கும் களவாடப்பட்ட பிரதியை உரிமையாளர் தடுக்கலாம், அல்லது விட்டுவைத்து விளம்பர வருவாயைத் தாமே பெறலாம். திருட்டையே வியாபாரமாக்கிய இந்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்!

நம் ஊரிலோ வேறு விபரீதம் நேர்ந்தது. 2012-இல் ‘3’ திரைப்படத்தைக் காக்க, பெயர் தெரியாத குற்றவாளிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட தடையாணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் ஆகிய தளங்களை முழுமையாகவே அடைத்துவிட்டன. தாம் எடுத்த குறும்படத்தை அங்கே வைத்திருந்தவர்கள் செய்த அபராதம் யாது? அப்படத்தின் கொலவெறிப் பாட்டு உலகப் பிரசித்தி பெற்றதே யூடியூபினால்தான் என்பதை அப்போது எவரும் நினைத்ததாகத் தோன்றவில்லை. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்கலாம் என்று ஜூன் 22-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பின்னரே நியாயம் திரும்பிற்று.

இப்போது அதே அநியாயம் சிறு உருவில் நிகழ்கிறது. 1847-இல் மறைந்த தியாகையரின் கீர்த்தனை எவருக்கும் தனியுடைமையன்று. ஆயினும் கோயில் திருவிழாவில் நாயனக்காரர் வாசித்ததை நீங்கள் படம்பிடித்து ஏற்றினால், ஏதோ ஓர் இசைத்தட்டை ஒத்திருப்பதாக இயந்திரம் உரிமை கோரக்கூடும். உங்கள் ஆட்சேபம் முதலில் செல்வதும் உரிமை கோரியவரிடமே! வாதியே நீதிபதியாகும் இம்முறையைக் காட்டிலும் நம் பதிப்புரிமைச் சட்டம் மேலானது. புகார்தாரர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொணராவிடில், தடுத்த வீடியோவைத் தளம் மீண்டும் திறக்கலாம் என்கிறது அது. ஆகவே, படைப்பு உங்களுடையதாயின், ஸ்ட்ரைக் என்று யூடியூப் சொல்லும் எச்சரிக்கைக்கு அஞ்சி அதை அழித்துவிடாதீர்கள். ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள்.