தன் தராசுக்குத் தானே முத்திரையா?

போலீஸ் இலாகாவைக் குறித்து நம்மவர் பேசும் பேச்செல்லாம் பெரும்பாலும் இரண்டே வகையாக இருக்கின்றது. ஒன்று பயந்து பேசுவது. மற்றொன்று வைது பேசுவது. லாக்கப்பில் ஒரு வாலிபன் இறந்தான் என்ற செய்தி பத்திரிகையில் வந்தால் ஒரு வாரம் வைகிறோம். மறு வாரம் திருவிழாவுக்கு அனுமதி வேண்டுமென்று அதே இலாகாவின் அதிகாரியை மேடைக்கு அழைத்து மாலை போடுகிறோம். வைவதாலோ மாலை போடுவதாலோ ஓர் இலாகாவின் நிர்வாகம் திருந்தியதாக உலகில் எங்கும் அத்தாட்சி இல்லை. ஆதலால் அவ்விரண்டையும் ஒருபுறம் தள்ளி வைத்துவிட்டு, போலீஸ் என்னும் அமைப்பு எந்தத் தத்துவத்தின்மேல் கட்டப்பட்டது, அதன் கணக்கை இன்று யார் சோதிக்கிறார்கள், நியாயப்படி யார் சோதிக்க வேண்டும் என்ற கேள்விகளை மாத்திரம் இங்கே எடுத்துக் கொள்வோம்.

நான் தங்காக் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்த நிர்வாக சாஸ்திரம் தோட்டத்து ஆபீசில் கற்றதேயாகும். அங்கே பால் நிறுப்பவர் ஒருவர். அதைக் கணக்கில் ஏற்றுபவர் மற்றொருவர். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஆலைக்குப் போனால் அங்கே எடைமேடையில் மறுபடியும் நிறுக்கப்படுகிறது. இத்தனைக்கும் மேலே, வருஷந்தோறும் வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து புத்தகங்களைப் புரட்டுகிறார். இதனால் தன் மானம் போயிற்றென்று எந்தக் கிராணியும் ராஜிநாமாச் செய்ததில்லை. தங்காக் கடைவீதியின் துணிக்கடைகளுக்கு ஜோகூர் முழுவதிலும் பெயர் உண்டு. அக்கடைக்காரர் ஒருவர், “மூன்று தலைமுறையாக நாங்கள் நாணயஸ்தர்கள், எங்கள் அளவுகோலுக்கும் தராசுக்கும் நாங்களே முத்திரை குத்திக் கொள்வோம்” என்று சொன்னால் சர்க்கார் ஒப்புக்கொள்ளுமா? ஜனங்கள்தாம் ஒப்புக்கொள்வார்களா? ஒரு முழத் துணிக்குக் கூடாது என்று நாம் தள்ளும் வாதத்தை ஒரு மனிதனின் உயிர் விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பதே நம் குற்றச்சாட்டு.

இந்த வாதம் எங்கிருந்து வந்ததென்பதை அறியச் சரித்திரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் உள்நாட்டு மந்திரியாயிருந்த ராபர்ட் பீல் 1829-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரப் போலீசை நிறுவினார். அவர் பெயரால் வழங்கிவரும் கொள்கைகளின் சாரம் யாதெனில், போலீஸ்காரனும் ஊராரில் ஒருவனே. அவனுடைய அதிகாரம் ஊராரின் சம்மதத்தினின்றே பிறக்கிறது. எத்தனை பேரைப் பிடித்தான் என்பதைக் கொண்டல்ல, குற்றம் எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டே அவன் வேலையை மதிக்க வேண்டும் என்பதாகும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாயிருக்கிறது! ஆனால் இதே பீல்தான் அதற்கு முன் 1814-இல் அயர்லாந்தில் வேறொரு படையை ஏற்படுத்தியவர். அந்த வழியில் 1836-இல் உருவான ஐரிஷ் கான்ஸ்டபிள் படை துப்பாக்கி ஏந்தியது. ஊரோடு ஒட்டாமல் பாசறையில் வசித்தது. தலைநகரிலிருந்த அரசாங்கத்துக்கே பதில் சொன்னது. சம்மதத்தால் ஆளப்படுவோருக்கு ஒரு போலீஸ். அடக்கி ஆளப்படுவோருக்கு வேறொரு போலீஸ்! காலனிகளுக்கெல்லாம் கப்பலேறி வந்தது இரண்டாவது சரக்கே.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்தின் கதையையும் கேளுங்கள். அங்கே சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க நியமிக்கப்பட்ட கமிஷன் 1855-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கை விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி முதலிய கொடுமைகள் உண்மையே என்று அது ஒப்புக்கொண்டது. அதைவிட முக்கியமானது அது கண்ட காரணமாகும். வரி வசூல் செய்யும் அதிகாரியே போலீஸ் அதிகாரியாகவும் இருந்தான். அவன் ஆட்களால் அடிபட்டவன் முறையிட வேண்டுமானால் அந்த அதிகார வர்க்கத்திடமே போக வேண்டியிருந்தது. இதன் பின்னரே 1859-ஆம் வருஷத்துச் சென்னைப் போலீஸ் சட்டத்தால் வரி இலாகாவும் போலீஸ் இலாகாவும் பிரிக்கப்பட்டன. 1861-இல் அவ்வமைப்பு இந்தியா முழுமைக்கும் பொதுவாக்கப்பட்டது. ஆனால் பாதி வேலையோடு நிறுத்திவிட்டார்கள். வரியையும் போலீசையும் பிரித்தவர்கள், போலீசையும் போலீஸ்மீது வரும் புகாரை விசாரிக்கும் வேலையையும் பிரிக்கவில்லை.

அந்தப் பாதி வேலையே மலாயாவுக்கும் வந்தது. 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் போலீஸ் ஒன்றாக்கப்பட்டபோதும், அதற்குப் பின்னரும், தோட்டத் தொழிலாளிக்குப் போலீஸ் என்றால் துரை அழைத்தால் வருகிற படை என்றே அர்த்தம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, துரைமாரையும் ஆபீஸ் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற இழிந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்றும் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் தலைவர் நாதனின் கைதும், பட்டாளமும், துப்பாக்கிச் சூடும், ஐந்து சாவுகளுமாகும். 1948-இல் அவசர காலம் பிரகடனமான பின் போலீஸ் படை பன்மடங்கு பெருகிற்று. தோட்டந்தோறும் விசேஷ கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். 1952-இல் லண்டன் நகரப் போலீசின் தலைவரான ஆர்தர் யங் இங்கு அனுப்பப்பட்டார். மக்களுக்குத் தொண்டு செய்வதே போலீசின் வேலை என்ற இயக்கமொன்றை அவர் அவ்வருஷமே தொடங்கினார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். ஆனால் அவரே 1954-இல் கென்யாவுக்குப் போய், அங்கே பாதுகாப்புப் படையினர் செய்த கொடுமைகளைப் போலீசார் தடையின்றி விசாரிக்க அரசாங்கம் இடந்தரவில்லை என்று கண்டு, ஒரு வருஷம் நிறைவதற்குள் பதவியைத் துறக்க நேர்ந்தது. தலைவரின் நற்குணம் மட்டும் போதாது. ஏற்பாடு நேராயிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி நம் காலத்துக்கு வருவோம். போலீஸ் இலாகாவின் நடைமுறையையும் நிர்வாகத்தையும் மேம்படுத்தும் பொருட்டு 2004-இல் அரச விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் அதற்குத் தலைவர். 2005-இல் அது 125 சிபாரிசுகளைச் செய்தது. 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்தார்கள் என்றும், அவற்றில் 6 சாவுகளுக்கே மரண விசாரணை நடந்தது என்றும் அதன் மூலம் வெளிவந்தது. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டுமென்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆம் பிரிவு சொல்லுகிறது. 80 மூட்டை சரக்கில் 74 மூட்டைக்குக் கணக்கில்லை என்றால் எந்தத் தோட்டத்துக் கிராணி மறுநாள் ஆபீசில் உட்கார்ந்திருப்பான்?

அந்தக் கமிஷனின் தலையாய சிபாரிசு, போலீஸ்மீது வரும் புகார்களை விசாரிக்கவும் தண்டிக்கவும் வல்ல சுயேச்சையான ஒரு மன்றம் வெளியில் இருக்க வேண்டும் என்பதே. அதற்கு என்ன கதி நேர்ந்தது? 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தால், பல அமலாக்க இலாகாக்களுக்கும் பொதுவாக, சிபாரிசு செய்ய மட்டுமே அதிகாரமுள்ள ஒரு கமிஷன் பிறந்தது. 2019-இல் பலமான மசோதா ஒன்று பார்லிமெண்டுக்கு வந்தது; மறு வருஷம் அது மீட்டுக் கொள்ளப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மசோதா 2022-இல் நிறைவேறி, 2023 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. நிறைவேறிய அந்தச் சட்டப்படி, லாக்கப்பைப் பார்வையிடப் போவதானால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போக வேண்டும். குற்றம் கண்டால் அதைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அரசியல் சட்டத்தின் 140-ஆம் பிரிவின்படி அந்த ஆணையத்தின் தலைவர் போலீசுக்குப் பொறுப்பான மந்திரி. போலீஸ் படைத் தலைவரும் அதில் ஓர் அங்கத்தினர். கடைக்காரரின் தராசைச் சோதிக்கப் போகும் அதிகாரி, முதலில் கடைக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் போய், பின்பு தம் அறிக்கையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவது போலன்றோ இது இருக்கிறது!

இதன் பலனைக் கற்பனையாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் சிலாங்கூரில் குகன் என்னும் வாலிபர் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. குடும்பத்தார் விடாமல் நின்று மறு பரிசோதனை செய்வித்த பின்னரே, அடிகளால் நேர்ந்த சாவு என்பது வெளிப்பட்டது. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. நான்கு வருஷத்துக்கு மேற்பட்ட காலம் ஒரு தாய் கோர்ட்டுப் படி ஏறினாள். சர்க்காரே செய்திருக்க வேண்டிய தணிக்கையைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் செய்தாள்.

எதிர்க்கட்சியார் சொல்லும் ஆட்சேபணைகளையும் பார்ப்போம். வெளியார் தலையிட்டால் போலீசாரின் ஊக்கம் குன்றிவிடும் என்கிறார்கள். ஊக்கம் குன்றுவது எதனால்? அடித்தவனோடு அடிக்காதவனும் ஒரே பெயரைச் சுமக்க நேர்வதாலன்றோ? நேர்மையான கான்ஸ்டபிளுக்கு வெளித் தணிக்கையைப் போன்ற கவசம் வேறில்லை. போலீசாரின் சம்பளமும் குடியிருப்பும் உயர வேண்டுமென்றும் அந்தக் கமிஷன் சொல்லிற்று. அதை நாமும் வற்புறுத்துகிறோம். இலாகாவுக்குள்ளேயே நேர்மையைக் கண்காணிக்கும் பிரிவு உண்டே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும், தோட்டத்து ஆபீசிலும் தலைமைக் கிராணி உண்டு, ஆயினும் ஆடிட்டர் வருகிறார். குற்றவாளிகள் துணிந்துவிடுவார்கள் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். இந்தக் கொடிய அமைப்புக்குத் தாயகமான அயர்லாந்தையே பார்க்கட்டும். வட அயர்லாந்தில் பல வருஷக் கலகத்துக்குப் பின், 1999-இல் பேட்டன் கமிஷன் 175 சிபாரிசுகளைச் செய்தது. 2000-இல் புகார்களைத் தனித்து விசாரிக்கும் அதிகாரி வேலையைத் தொடங்கினார். 2001-இல் போலீஸ் படையே புதிய பெயரோடு திருத்தி அமைக்கப்பட்டது. அதனால் அங்கே போலீஸ் அழிந்து போகவில்லை.

மற்றொரு கூட்டத்தார் நம்மவருள்ளேயே இருக்கிறார்கள். இது இன விஷயம், நம்மவர் அதிகமாகப் போலீசில் சேர்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்பது இவர்கள் கட்சி. நம்மவர் சேர வேண்டியது அவசியமே. ஆனால் 1855-இன் அறிக்கை சொல்லும் கிட்டியைப் பிடித்தவனும் நம்மவன், அதில் விரல் நசுங்கியவனும் நம்மவன். 2020-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் கையில் அடிபட்டு இறந்தது தமிழ்நாட்டிலேதான். அங்கும் மதுரையில் அமர்ந்த உயர்நீதிமன்றம் தலையிட்டு, விசாரணை உள்ளூர்ப் போலீசின் கையைவிட்டுப் போன பின்னரே வழக்கு உருப்பெற்றது. ஆகையால் பிடிப்பவனின் இனத்தை மாற்றினால் போதாது. பிடிப்பவனைக் கேட்பவன் யார் என்பதை மாற்ற வேண்டும். இங்கே லாக்கப்பில் துன்பப்படுவோரில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு; நம் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் அந்நிய நாட்டுத் தொழிலாளிகள் வாயைத் திறக்கவும் வழியற்றவர்கள்.

தோட்டத்துத் தோழர்களே, பட்டணத்துப் பெரியோர்களே! சட்டம் மாறும் வரையில் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நாம் கொடுக்கும் புகாரை எழுதி, நமக்குப் படித்துக் காட்ட வேண்டுமென்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு விதிக்கிறது. படித்துக் காட்டுவதன் நோக்கம் கேட்பவனுக்கு விளங்க வேண்டும் என்பதன்றி வேறென்ன? விளங்காத மொழியில் எழுதியதன் கீழே கையொப்பமிடுவது புகாரன்று. வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றமானால், புகார் கொடுத்து நான்கு வாரம் கழிந்தபின் விசாரணை எந்த நிலையிலிருக்கிறது என்று கேட்கும் உரிமையை 107ஏ பிரிவு தருகிறது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் ஸ்டேஷன் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்குத் தலைவருக்கு எழுதலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டுமென்பது அரசியல் சட்டம். உறவினருக்கும் வக்கீலுக்கும் தெரிவிக்கும் உரிமை 28ஏ பிரிவில் உண்டு. இவற்றை அறியாததால் நம்மவர் செய்வதென்ன? “எனக்கு ஸ்டேஷனில் ஆளைத் தெரியும்” என்று சொல்லும் தரகனைத் தேடுகிறார்கள். அவன் கையில் பணத்தைக் கொடுக்கிறார்கள். உரிமையாகப் பெற வேண்டியதை உபகாரமாக வாங்குகிறவர்கள் பிறகு நியாயம் பேச வாயற்றுப் போகிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த கிராணிமாரும் ஆசிரியர்களும் ஊர்ச் சங்கங்களும் இந்த ஒரு வேலையைச் செய்யட்டும். புகாரை எழுத உதவுங்கள். அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நான்கு வாரம் கழிந்ததும் கேள்விக் கடிதம் எழுதுங்கள். பதிலையும் பதிலின்மையையும் தேதியோடு பதிந்து வையுங்கள். தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், மாலையோடு மூன்று கேள்விகளையும் நீட்டுங்கள். காவலில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் மரண விசாரணை நடக்குமா? முன்னறிவிப்பின்றி லாக்கப்புக்குள் நுழைய வெளி மன்றத்துக்கு அதிகாரம் உண்டா? குற்றம் கண்ட இடத்தில் தண்டிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுப்பீரா, 2005-இல் சொன்னபடி? இம்மூன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதில் கிடைக்கும் வரையில், மேடைப் புகழ்ச்சியையும் தெருவோர வசவையும் நம்மவர் நிறுத்தி வைப்பது நலம்.