இங்கிதம் வேறு, மரியாதை வேறு

‘இங்கிதம் தெரியாதவன்’ என்றால் மரியாதை தெரியாதவன் என்றே இன்று பலரும் பொருள் கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வது, நன்றி சொல்வது, ‘வாங்க, போங்க’ என்று பேசுவது எல்லாவற்றையும் இங்கிதம் என்ற பெயரிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். இவை நல்ல பழக்கங்கள்தான். ஆனால் இங்கிதம் இவையல்ல.

நம் வாயிலிருந்தே இதற்குச் சாட்சி கிடைக்கும். மரியாதை கொடுக்கிறோம், மரியாதை செய்கிறோம், மரியாதை கேட்டும் வாங்குகிறோம். ‘இங்கிதம் கொடுத்தார்’ என்று எந்தத் தமிழராவது சொல்லிக் கேட்டதுண்டா? இங்கிதம் ‘தெரிய’ வேண்டும், ‘அறிய’ வேண்டும். கொடுக்கல் வாங்கல் அதற்குக் கிடையாது. வடமொழியில் இங்கிதம் என்பது மனத்தில் உள்ளதை வெளியே காட்டிவிடும் உடற்குறிப்பு. அர்த்தசாஸ்திரத்தில் அரசனின் ஆலோசனையை ரகசியமாகக் காப்பது பற்றிப் பேசும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. வழக்கத்துக்கு மாறான ஒரு நடத்தை போதும், உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்பது அங்கே எச்சரிக்கை. ஆக, இங்கிதம் தெரியாதவன் என்பவன் எதிரே இருப்பவரின் குறிப்பைப் படிக்கத் தெரியாதவன். குறை நாக்கில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது. ரகசியத்தைக் கொட்டிவிடுபவனுக்கு ஓட்டைவாய் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறோம். அழைக்காத இடத்தில் தலையிடுபவன் முந்திரிக்கொட்டை. இவற்றையெல்லாம் ஒன்றாகக் குழைப்பது மொழிக்கு இழப்பு.

இங்கிதம் படித்தவர்களுக்கும் பட்டணத்துக்காரர்களுக்கும் உரியது என்று ஒரு பேச்சும் உண்டு. இதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. என் பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வயதில் சிறிய பெண்கள் எல்லாருமே அவருக்கு ‘ஏட்டி’தான். ஒரு நாள் சம்பந்தி வீட்டார் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து தயங்கி நின்றாள். முந்தானைக்குள் ஒரு காலிப் படி. பெரியம்மா ஒரே ஒரு முறை பார்த்தார். “ஏட்டி, முறத்தை வாங்கிட்டுப் போக எவ்வளவு நேரமா நிக்க? பின்வாசலுக்கு வா” என்று அதட்டினார். பின்கட்டில் அந்தப் படி நிறைய அரிசியை அளந்து போட்டு, அதை மறைக்கிற மாதிரி மேலே ஒரு முறத்தை வைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் கடன் கேட்க வந்தவள் என்பது திண்ணையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அதட்டலில் ‘ங்க’ இல்லை. இங்கிதம் முழுசாக இருந்தது.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். பேச்சு முழுக்க ‘ங்க’ போடும் ஒருவர், கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் ஒரு தம்பதியிடம், “அஞ்சு வருஷம் ஆச்சுங்களே, விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?” என்று கேட்டார். அந்தப் பெண் கையிலிருந்த தாம்பூலப் பையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. நல்ல டாக்டர் ஒருவரின் பெயரையும் சொல்லத் தொடங்கிவிட்டார். மரியாதையில் அவரிடம் ஒரு குறையும் காண முடியாது.

அடுத்தது, ‘நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன், இங்கிதமெல்லாம் பொய்க்குப் போடும் பூச்சு’ என்கிற வாதம். குறள் இதற்கு இரண்டு இடங்களில் பதில் வைத்திருக்கிறது. வாய்மை அதிகாரம் தொடங்குவதே, யாருக்கும் தீங்கில்லாத சொல்லைச் சொல்வதுதான் வாய்மை என்ற விளக்கத்தோடு. இரண்டாவது இடம் அதிகார வரிசை. 71ஆவது அதிகாரம் குறிப்பறிதல், 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. முகக்குறிப்பைப் படி, அவையைத் தெரிந்துகொள், பிறகு அஞ்சாமல் பேசு. பேசாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. குறிப்பறிதல் என்ற அதே தலைப்பு காமத்துப்பாலிலும் 110ஆவது அதிகாரமாக வருகிறது. அமைச்சருக்குச் சொன்னதைக் காதலருக்கும் சொல்லியிருக்கிறார் என்றால், அரண்மனைத் தந்திரமாக மட்டும் வள்ளுவர் இதை நினைக்கவில்லை என்பது என் துணிபு.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது கடைசி வாதத்தின் மீது. நியாயம் கேட்பவரின் வாயை அடைக்க இந்தச் சொல்லை எடுக்கிறார்கள். ‘நாலு பேர் முன்னால் இதைக் கேட்கலாமா, இங்கிதம் வேண்டாமா’ என்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சமையல் மாஸ்டர் கணக்கு முடித்து வாங்குவதற்காக மூன்று முறை தூண் பக்கம் வந்து நின்றார். ஒவ்வொரு முறையும் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே பெண்ணின் தகப்பனாரைப் பார்ப்பார். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட வேலை செய்த ஆட்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலாவது முறை மாஸ்டர் சம்பந்திகள் முன்னாலேயே வாய்விட்டுக் கேட்டார்: “ஐயா, பசங்க கூலியை மட்டுமாவது குடுத்துருங்க.”

“இங்கிதம் தெரியாத ஆளு” என்று அவர் காதுபடவே சொன்னார்கள். மூன்று முறை சொல்லாமல் நின்று காட்டியவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள்.