பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் குழந்தை

சென்ற மே மாதத்தில் ஒருநாள் மாமல்லபுரம் போயிருந்தோம். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகத் திரும்பும்போது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டதால், கூடுவாஞ்சேரியில் வசிக்கும் நண்பர் வீட்டிலேயே தங்கிவிட்டோம். நண்பர் சிற்றிதழ்களை விடாமல் படிப்பவர். கணவன், மனைவி இருவருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கென்று தனி அறை, தனிக் கட்டில். தலைமாட்டில் ஒரு கடிகாரம் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதன் பெருமையை நண்பர் அன்றிரவே விளக்கினார். மணி பார்க்கத் தெரியாத குழந்தைகளுக்கான தூக்கப் பயிற்சிக் கடிகாரம் அது. சிவப்பு எரிந்தால் இரவு. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பச்சை எரிந்தால் விடிந்துவிட்டது, எழுந்து வரலாம். எப்போது பச்சை எரிய வேண்டும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்து வைத்துவிடலாம். அந்த வீட்டில் ஆறே முக்கால். "இரண்டே மாதத்தில் பழகிவிட்டாள். இப்போதெல்லாம் இரவில் எங்களை எழுப்புவதே இல்லை" என்றார்.

விடிகாலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த எங்களில் ஒருவர், திறந்திருந்த கதவின் வழியே அந்த அறையைப் பார்த்தார். குழந்தை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இரவில் எப்போதோ வாந்தி எடுத்திருக்கிறாள். சட்டை, போர்வை, தலையணை எல்லாம் நனைந்து, பாதி காய்ந்தும் போயிருந்தன. அவள் அழவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாமே பாப்பா?" என்று கேட்டதற்கு, "இன்னும் பச்சை வரலை மாமா" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. நண்பருக்கு எதிரானது அல்ல. அன்று காலை குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு அவர் அழுததைப் பார்த்தோம். ஆனால் ஒரு வாரம் கழித்து நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். நடந்தது விதிவிலக்கு என்றும், கடிகாரத்தைக் கைவிட முடியாது என்றும் அதில் வாதிட்டிருந்தார். அவருடைய வாதங்கள் இன்று பல வீடுகளில் சொல்லப்படுபவை. ஆகவே அவர் சம்மதத்தோடு அவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

முதல் வாதம், இது அறிவியல் என்பது. அந்த அறிவியலின் வம்சாவளியைச் சற்றுப் பார்ப்போம். 1894இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட் தாய்மார்களுக்கு ஒரு கையேடு எழுதினார். குழந்தை அழுதால் அழட்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் ஒருபடி மேலே போனார். குழந்தையை அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் வேண்டுமானால் கைகுலுக்குங்கள் என்றார். 1985இல் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர், அழும் குழந்தையிடம் எத்தனை நிமிட இடைவெளியில் போகலாம் என்று படிப்படியாக வகுத்துத் தந்தார். அவர் வாட்சனைப் போன்ற கல்நெஞ்சர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மரபின் மின்சார வாரிசுதான் நண்பர் வீட்டுக் கடிகாரம். முன்பு நிமிடங்களை எண்ணும் பொறுப்பு பெற்றோரிடம் இருந்தது. இப்போது அது விளக்கிடம் போயிருக்கிறது.

தூக்கப் பயிற்சியால் குழந்தைகள் பாழாகிவிடுகிறார்கள் என்று நாங்கள் கூச்சலிடப் போவதில்லை. ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. நீடித்த தீங்கு எதுவும் இல்லை என்றது அது. நண்பர் இதை மேற்கோள் காட்டியிருந்தார். நீடித்த பலனும் எதுவும் இல்லை என்று அதே ஆய்வு சொன்னதை விட்டுவிட்டார். அது சோதித்ததும் கைக்குழந்தைகளுக்கான முறைகளைத்தான். சிவப்பு, பச்சை விளக்கை அல்ல.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கடிகாரம் தூக்கத்தைத் தருவதில்லை. விழித்துக்கொண்ட குழந்தையைச் சத்தமில்லாமல் கிடக்க வைக்கிறது. பெற்றோர் இருக்கும் அறையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று.

இரண்டாவது வாதம், குழந்தை அகாலத்தில் எழுந்துவிடுகிறாள் என்பது. எது அகாலம்? இத்தகைய கடிகாரங்கள் பிரபலமான பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். டிசம்பர் இறுதியில் எட்டு மணிக்குப் பிறகுதான் உதிக்கும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஊசலாடும் விடியலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை காலையைத் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே ஒரு பொய்ச் சூரியனுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. மாமல்லபுரமோ ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஜூன் தொடக்கத்தில் 5.40 மணியை ஒட்டியும், ஜனவரி இறுதியில் 6.35 மணியை ஒட்டியும் சூரியன் உதிக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்து ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலிலிருந்து நேராக எழும் இந்தச் சூரியனைவிட ஒழுங்கான கடிகாரம் எந்தக் கடையில் கிடைக்கும்? அன்று நாங்கள் பார்த்தபோது சன்னலில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. அந்தக் குழந்தை சரியான நேரத்தில்தான் விழித்திருந்தாள். தவறான நேரத்தைக் காட்டியது கடிகாரம்.

மூன்றாவது வாதம் கனமானது. எங்களுக்கு வேறு வழியில்லை என்கிறார் நண்பர். இரவு பதினொன்று வரை அமெரிக்காவோடு தொலைபேசி. காலை ஏழரைக்கு அலுவலகப் பேருந்து. நடுவில் குழந்தை இரண்டு முறை எழுப்பினால் மறுநாள் என்ன ஆவது? இதை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் இதன் பொருளைக் கவனியுங்கள். ஆறே முக்கால் என்பது குழந்தையின் உடம்பு கேட்ட நேரமல்ல. பேருந்து கேட்ட நேரம். ஆலை மணிக்கு மனிதர்கள் எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அந்தப் பழக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டென்று காட்டினார். நாம் இப்போது அதைத் தொட்டில் வயதுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

இதே மாவட்டத்தில் வேறு இரவுகளும் உண்டு. செங்கல் சூளையில் வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவு தாண்டியதுமே வேலை தொடங்கிவிடும். குழந்தைகள் பக்கத்திலேயே சாக்கு விரித்துக் கிடப்பார்கள். மீனவக் குப்பங்களில் விடியுமுன்பே படகு இறங்கிவிடும். விழிக்கும் பிள்ளைக்கு அருகில் அப்பா இருப்பதில்லை. இவை அழகான காட்சிகள் அல்ல. எல்லா இடத்திலும் குழந்தையின் இரவைப் பெற்றோரின் பிழைப்பே தீர்மானிக்கிறது. சூளையில் அதை வறுமை என்கிறோம். அடுக்குமாடியில் மட்டும் அதற்குப் பயிற்சி என்று பெயர்.

இங்கே இன்னொரு தரப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "கூட்டுக் குடும்பம் இருந்தால் இந்தத் தொல்லை உண்டா?" என்று கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கம் வந்து நிற்க வேண்டாம். அந்த வீடுகளில் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்றால், யாரோ ஒருத்தி தூங்காமல் இருந்தாள் என்று பொருள். அவள் விழித்திருந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை. 2010இல் பதினேழு நாடுகளில் இருபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் பெற்றோரோடு ஓரறையில் உறங்குவதே பெருவழக்கம் என்று தெரிந்தது. ஆசியக் குழந்தைகள் மேலைநாட்டுக் குழந்தைகளைவிடத் தாமதமாகப் படுக்கிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள் என்றும் அதே ஆய்வு சொன்னது. சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையல்ல.

எனவே பழமைக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் தனியறை என்பதும் அறிவியலின் கட்டளையல்ல. கைக்குழந்தை தனிப் படுக்கையிலும், ஆனால் பெற்றோரின் அறையிலேயேயும் குறைந்தது ஆறு மாதம் உறங்க வேண்டும் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2022இல் பரிந்துரைத்தது. இரண்டு படுக்கையறை வீடு வாங்கியதால் இரண்டாவது அறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்கு வயதில் கிடைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

அன்று பகலில் நாங்கள் பார்த்தவற்றுள் ஒன்று, கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பாறையில் கிடந்த கோலத்தில் இருக்கும் திருமால். ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாளோ பாம்பணை இல்லாமல் வெறும் தரையிலேயே படுத்திருக்கிறார். உறங்கும் தெய்வத்தையும் நம் மரபு குரல் கொடுத்துத்தான் எழுப்பியது. மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருப்பள்ளியெழுச்சி பாடினார்கள். பாரதி பாரத மாதாவுக்கே ஒன்று பாடினான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் தாலப் பருவம் என்று ஒன்றை உறங்க வைப்பதற்கென்றே ஒதுக்கினோம். தூக்கத்தின் இரு கரைகளிலும் ஒரு மனிதக் குரல் நிற்க வேண்டும் என்பது நம் இலக்கியம் அறிந்த எளிய உண்மை. அந்தக் குரல் தாயுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தந்தைக்கும் தொண்டை உண்டு.

விதிவிலக்கு என்று நண்பர் சொன்னதற்கு வருவோம். குழந்தை தவறாகப் புரிந்துகொண்டாள், உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடலாம் என்று சொல்லித்தான் வைத்திருந்தோம் என்கிறார். நம்புகிறோம். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு விதி புரியும், விதிவிலக்கு புரியாது. கூப்பிடாமல் இருந்த ஒவ்வொரு காலையிலும் பாராட்டியிருக்கிறீர்கள். எந்த வேதனைக்குக் கூப்பிடலாம், எதற்குக் கூடாது என்று இருட்டில் தனியாக உட்கார்ந்து எடைபோடும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறீர்கள். பெரியவர்களே அதில் தவறுகிறோம்; நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து விடியட்டும் என்று காத்திருந்தவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

கடிகாரத்தை எறிய மனமில்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருவரும் முறைபோட்டு ஒருவர் அவள் அறையில் பாய் விரித்துப் படுங்கள். முடியாத இரவுகளில் இரண்டு கதவுகளையும் திறந்து வையுங்கள். எந்த நிறம் எரிந்தாலும் கூப்பிடலாம் என்பதை ஒருமுறை சொல்லி நிறுத்தாமல், அவள் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து போய் நிரூபியுங்கள். உங்கள் தூக்கம் கெடும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவள் தானாகவே கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். அப்போது அவள் நிறுத்துவதும், இப்போது நீங்கள் நிறுத்தியிருப்பதும் ஒன்றா என்ற கேள்விக்கு மட்டும் நண்பர் அடுத்த கடிதத்தில் பதில் எழுதட்டும்.