கிண்ணம் சிறிது, கதை பெரிது

சனிக்கிழமை மாலையில் கியா பார்ம் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? கால் வைக்க இடம் இருக்காது. தாப்பா வழியாக ஏறி வந்த பேருந்துகளும் சிம்பாங் பூலாய் வழியாக வந்த கார்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் சுவெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கும். கையில் ஓர் அவித்த சோளம், பிள்ளைக்கு ஒரு பொட்டலம் ஸ்ட்ராபெரி, வீட்டுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஒரு டப்பா தேயிலையும். நாலு படம் பிடித்துக்கொள்வார்கள். வண்டி கிளம்பிவிடும்.

ஊருக்குப் போய் என்ன சொல்வார்கள்? "மலைக்குப் போனோம், குளிர் நன்றாக இருந்தது, சோளம் இனித்தது" என்பார்கள். அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்குமேல் அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே!

மாலையில் கொஞ்சம் தின்று, கொஞ்சம் குடித்து, தெருத் தெருவாய் நடந்து, வந்தவர்களுக்கு ஊர்க்கதை சொல்லுவதையே ஒரு பிழைப்பாகச் செய்யும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது. இந்த இதழில் அங்கே ஒரு நடை போய்வருவோம், வாருங்கள். ஒரு காசு செலவில்லை.

மலையும் கடலும் சூழ்ந்த பாஸ்க் நாடு

ஸ்பெயினின் வடக்குப் பகுதியில், பிரான்சு எல்லையை ஒட்டி, மலைக்கும் கடலுக்கும் இடையில் வாழ்பவர்கள் பாஸ்க் மக்கள். எல்லைக்கு இப்பாலும் இருக்கிறார்கள், அப்பாலும் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழிக்கு எவுஸ்காரா என்று பெயர். உலகத்தில் வேறு எந்த மொழியோடும் அதற்கு உறவு இருப்பதாக அறிஞர்களால் நிலைநாட்ட முடியவில்லை. 1939 முதல் 1975 வரை ஸ்பெயினை ஆண்ட ஜெனரல் பிராங்கோவின் காலத்தில் அந்த மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லாமல் போயிற்று. வீட்டுக்குள்ளே வைத்துக் காப்பாற்றினார்கள். தாய்மொழிப் பள்ளியின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1542ல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்து, 1545ல் மலாக்காவுக்கும் வந்து போன பிரான்சிஸ் சவேரியார், பாஸ்க் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். அந்த மீனவர்களின் பேச்சு தமக்குப் புரியவில்லை, தம் பாஸ்க் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம்மவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் செபங்களைத் தமிழில் ஆக்கினார். ஆக, பாஸ்க்கும் தமிழும் எதிரெதிரே நின்று விழித்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன!

ஒரு மாலைச் சுற்று

சான் செபஸ்தியான் என்பது அவர்களுடைய கடற்கரைப் பட்டணம். பாஸ்க் மொழியில் டொனோஸ்டியா. அதன் பழைய நகரில் பொழுது சாய்ந்ததும் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வழிகாட்டி கிளம்புகிறார். ஆளுக்கு நம் பணத்தில் சில நூறு வெள்ளி கட்டணம்.

முதல் கடைக்குள் நுழைந்தால் மேடை நிறையத் தட்டுகள். சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள். அவற்றின்மேல் மீன், நண்டு, முட்டை, காளான், பன்றித் தொடைக்கறி என்று விதவிதமாய் வைத்து, ஒரு குச்சியால் குத்தியிருப்பார்கள். ஸ்பெயினில் மற்ற இடங்களில் இத்தகைய சிறு தீனியைத் தாப்பாஸ் என்பார்கள். நம் தாப்பா ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! பாஸ்க் பட்டணத்தில் அதன் பெயர் பின்ச்சோ. குத்துகிற குச்சியால் வந்த பெயர் அது. சில கடைகளில் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் கிடக்கும் குச்சிகளை எண்ணித்தான் காசு வாங்குவார்கள்.

ஒரு துண்டு சாப்பிட்டாயிற்று. கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் சக்கோலி என்னும் வெள்ளை ஒயின். கடுமை குறைந்தது, லேசாகப் புளிப்பது. போத்தலை உயரத் தூக்கிக் கிண்ணத்தில் விழும்படி ஊற்றுவார்கள். காற்றுப் பட்டு நுரைத்து மணம் எழுவதற்காக. இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? நம் ஊர் மாமாக் கடையில் தே தாரிக் இழுக்கிறாரே அந்தக் காட்சிதானே! அவர் ஆற்றுவதும் நுரைக்காகத்தான்.

ஒரு துண்டு, ஒரு கிண்ணம், அவ்வளவுதான். உடனே அடுத்த கடைக்கு நடை. ஒரே கடையில் உட்கார்ந்துவிடுவது அங்கே வழக்கமில்லை. ஒவ்வொரு கடைக்கும் கைவந்த பண்டம் ஒன்று உண்டு. ஒன்று காளானுக்குப் பேர் போனது, இன்னொன்று நெத்திலிக்கு. நாலைந்து கடை ஏறி இறங்குவதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

அந்த நேரமெல்லாம் வழிகாட்டி சும்மா வருவதில்லை. பேசிக்கொண்டே வருகிறார். ஒரு குச்சியில் ஆலிவ் காய், காடியில் ஊறிய மிளகாய், உப்பிட்ட நெத்திலி மூன்றும் குத்தியிருக்கும். அதற்கு ஜில்டா என்று பெயர். 1946ல் வந்த ஹாலிவுட் படத்தில் ரீட்டா ஹேவர்த் ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர் அது. உப்பும் பச்சையும் காரமும் சேர்ந்த அந்தப் பெண்ணைப் போலவே இந்தத் தீனியும் இருக்கிறது என்று வேடிக்கையாக வைத்தார்களாம். சிரித்துக்கொண்டே அடுத்த தெருவில் திரும்பினால் அதன் பெயர் "ஆகஸ்டு 31". இது என்ன, தேதியைத் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள்? 1813ஆம் ஆண்டு அந்தத் தேதியில், நெப்போலியன் படையிடமிருந்து ஊரை மீட்க வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகளே ஊரைச் சூறையாடின. ஊர் தீயில் வெந்தது. தப்பி நின்றது ஏறக்குறைய இந்தத் தெரு மட்டுந்தான். கையில் தின்பண்டத்தோடு கேட்பவர்கள் ஒரு கணம் மௌனமாகிவிடுவார்கள்.

அக்காமாரின் முகச்சுளிப்பு

ஒயின், கிண்ணம் என்று எழுதும்போதே நம் வீட்டு அக்காமார் முகம் சுளிப்பது தெரிகிறது. "குடியைப் பற்றி எங்களுக்கா பாடம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோட்டத்துக் கள்ளுக்கடை நம் குடும்பங்களுக்குச் செய்ததை மறந்துவிட்டு, வெள்ளைக்காரன் குடித்தால் மட்டும் நாகரிகம் என்று எழுத இந்தப் பேனா துணியாது.

நம் தொழிலாளர்கள் அதை எதிர்த்து நின்ற வரலாறே உண்டு. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தோடும், துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். பதிலாகப் படை வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். போர் முடிந்தபின் 1947ல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடத்தினார்கள். அங்கும் காவல் துறையோடு மோதல் மூண்டு உயிர் போயிற்று. கள்ளின் இடத்தைப் பின்னாளில் சம்சு பிடித்துக்கொண்டதையும், பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததையும் நீங்கள் அறிவீர்கள்.

உடம்பு நோக வேலை செய்துவிட்டு, வெறும் வயிற்றில், சம்பள நாளில், மறப்பதற்காகக் குடித்த குடி நம்முடையது. அதை மலிவாக எட்டும் தூரத்தில் வைத்தவர்களும் இருந்தார்கள். பாஸ்க்காரர் தின்றுகொண்டே, நடந்துகொண்டே, பேசிக்கொண்டே ஒரு மிடறு குடிக்கிறார். அங்கேயும் குடியால் கெட்ட குடும்பம் இல்லாமல் இல்லை. ஆகவே, ஒயினை நாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாலைச் சுற்றிலிருந்து ஒயினை எடுத்துவிட்டு, பழச்சாறு கொடுத்தாலும் சுற்று நடக்கும். கேட்பவர்களுக்கு அப்படியும் கொடுக்கிறார்கள். கதையை எடுத்துவிட்டால்? தெருவில் நின்று ரொட்டி தின்பது மட்டுந்தான் மிஞ்சும். அதற்கு யார் சில நூறு வெள்ளி கொடுப்பார்? அவர்கள் உண்மையில் விற்பது கதையைத்தான்.

நம் கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

இப்போது கியா பார்முக்குத் திரும்புவோம். கடல் மட்டத்துக்குமேல் 1,500 மீட்டரையும் தாண்டிய இடம். சாலை வளைந்தால் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள். பாஸ்க்காரருக்கு ஒயின் எப்படியோ, நமக்குத் தேநீர் அப்படி. மண்ணும் மழையும் பனியும் கைப்பக்குவமும் அந்தக் கிண்ணத்தில் இருக்கின்றன. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. வாட்டி, உருட்டி, காற்றில் புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்து எடுப்பதில் ஒரு படி பிசகினாலும் ருசி காட்டிக்கொடுத்துவிடும். ருசி பார்ப்பவர்கள் நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள் போட்டு, ஆறு நிமிடம் ஊறவைத்து, கரண்டியால் சர்ரென்று உறிஞ்சித் தரம் சொல்வார்கள். வந்தவர் கையில் மூன்று கிண்ணம் கொடுத்து, மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லிப் பாருங்கள். குழந்தைபோல் குதூகலிப்பார்.

அதற்குத் துணையாக மிளகாய் கடித்த பருப்பு வடை. அவித்த சோளம். சூடாகப் பொரித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அப்படியே பிரிஞ்சாங் இறங்கினால் வார இறுதி இரவுச் சந்தையில் மலாய்க்காரர் பலகாரம், சீனர் பலகாரம். பாஸ்க்காரரின் மேடைக்கு இது எந்த வகையில் குறைவு?

குறைவது கதைதான். 1885ல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். 1929ல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நல்லது, சொல்லட்டும். ஆனால் காட்டை வெட்டியது யார்? செங்குத்துச் சரிவில் கன்று நட்டது யார்? விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பனியில் விரல் மரத்துப்போக, கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியது யார்? பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலையேறிய தாய்க்கு எத்தனை வயது? அவர் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. இருக்கிற இடம் ஒன்றுதான்: நம் வீட்டுக் கிழவிகளின் நாக்கு.

அந்த இடமும் நாளுக்கு நாள் சுருங்குகிறது. கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும், இருவர் பிடிக்கும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைய வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போகிறார்கள். போகட்டும், அதைத்தானே விரும்பினோம்! ஆனால் பாட்டி கண்ணை மூடினால் மலையின் ஒரு பக்கக் கதையும் மூடிக்கொள்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

இதை அழுவதற்காக எழுதவில்லை. இதில் ஒரு தொழிலும் இருக்கிறது. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டியாக வேலை செய்ய உரிமம் வேண்டும். அரசு அங்கீகரித்த நிலையத்தில் பயிற்சி முடித்துத் தேற வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசும் தோட்டத்துப் பிள்ளைக்கு இது எட்டாத கனியா? பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி, தங்கைகள் சுற்றுலா அமைச்சின் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த வழிகாட்டி புத்தகத்தைப் படித்துச் சொல்லுவார். நீங்கள், "என் பாட்டி கொழுந்து எடுத்த மலை இது" என்று கையை நீட்டிச் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பயிற்சி நிலையமும் கற்றுக்கொடுக்க முடியாது.

உரிமம், பயிற்சி எல்லாம் பிறகு. முதல் வேலையை இன்று மாலையே தொடங்கலாம். வீட்டுப் பெரியவர் பசியாறிய பிறகு, ஒரு தேநீர் ஆற்றிக் கையில் கொடுங்கள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கட்டும். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், முதல் சம்பளம் எத்தனை காசு, முதல் நாள் மலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். கங்காணி பேர், லயத்து நம்பர், பள்ளம் மேட்டுக்கு அவர்கள் வைத்த பேர் எல்லாம் எழுதுங்கள். சொல்லும்போது கண் கலங்கினால் பேசாமல் இருங்கள்; தேநீரை மட்டும் இன்னொரு முறை ஊற்றிக் கொடுங்கள்.

எரிந்த ஊரின் தேதியைத் தெருவுக்குப் பேராக வைத்து, அதை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு பட்டணம் பிழைக்கிறது. நம்மிடமும் சொல்ல நிறைய இருக்கிறது. நோட்டைத் திறப்பதுதான் பாக்கி.

அடுத்த இதழில் சந்திப்போம்.