கரை ஏறும் திமிங்கிலங்களும் நம் கடமையும்

மலையடியில் வாழும் நமக்குக் கடல் என்பது சுற்றுலா நாளில் மட்டும் காணும் காட்சி. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே புறப்பட்டுச் செஞ்சி, திண்டிவனம் கடந்து புதுச்சேரியை அடைந்த பிறகே அலையோசை நம் காதில் விழும். அப்படியிருக்க, பள்ளி ஆண்டு மலரில் திமிங்கிலத்தைப் பற்றி எழுத நமக்கென்ன உரிமை என்று தோழியர் சிலர் கேட்கலாம். உரிமை இருக்கிறதோ இல்லையோ, கவலை இருக்கிறது. நம் தமிழ்நாட்டுக் கரையிலேயே, அதுவும் கத்தோலிக்க மக்கள் நன்கறிந்த ஒரு தலத்தின் கரையிலேயே நடந்த நிகழ்ச்சி அது.

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு என்னும் கடற்கரைச் சிற்றூர் உள்ளது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை அங்கே இருக்கிறது. மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. செப்டம்பர் மாதத் திருவிழாவுக்கு நம் பெற்றோரில் சிலரும் சென்று வந்திருப்பர். 2016 ஜனவரி 11 அன்று, பொங்கலுக்கு நான்கே நாட்கள் இருந்த வேளையில், மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் இடைப்பட்ட கரையில் கரிய பெரிய உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒதுங்கின. எண்ணிப் பார்த்தபோது 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள்! மீனவர்கள் தொழிலை மறந்து தண்ணீரில் இறங்கினர். அரசுத் துறையினரும் வந்து சேர்ந்தனர். உயிரோடிருந்தவற்றைக் கடலுக்குள் தள்ளினார்கள். படகில் கட்டி இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றுள் பல மறுபடியும் கரைக்கே திரும்பி வந்தன. முடிவில் 45 இறந்தன. கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தனர்.

இது புதுமையும் அன்று. 43 ஆண்டுகளுக்கு முன், 1973 ஜனவரியில், தூத்துக்குடிக்குத் தெற்கே இதே கரைப் பகுதியில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதை அந்நாளைய மீன்வள ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்து வைத்திருக்கின்றனர். அன்று அவ்வூர்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதே மாதம், அதே கரை, அதே இனம்.

கடலில் விட்ட பிறகும் ஏன் திரும்பி வந்தன? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டால், மனிதன் தலையிடலாமா கூடாதா என்னும் பெரிய கேள்விக்கும் பாதி விடை கண்டவர்கள் ஆவோம் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் அவை யார் என்று பார்ப்போம். திமிங்கிலம் மீன் அன்று என்பதை ஆறாம் வகுப்புத் தங்கைகூட அறிவாள். நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டி ஈன்று பாலூட்டுவது. மணப்பாட்டில் ஒதுங்கியவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள். பெயரில் திமிங்கிலம் என்றிருந்தாலும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. உருண்ட நெற்றியும் கரிய உடலும் கொண்டவை. ஆழ்கடலில் கணவாய் வேட்டையாடி உண்பவை. இவற்றின் குடும்ப அமைப்பு நம்மை வியக்க வைக்கிறது. தாய், அவள் மக்கள், அவர்களுடைய தாய் என்று தாய்வழிக் கூட்டமாகவே வாழ்கின்றன. பெண் திமிங்கிலம் 40 வயதை ஒட்டிக் குட்டி ஈனுவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் அதற்குப் பின்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. உலகில் மிகச் சில உயிரினங்களுக்கே இப்படிப்பட்ட நீண்ட முதுமை வாய்த்திருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார் அச்சிலருள் அடங்குவர்! பாட்டி இருக்கும் வீட்டில் குழந்தை எப்படி வளரும் என்று நமக்குத் தெரியும். கடலிலும் அப்படித்தான் போலும். ஒன்று நோயுற்றால் மற்றவை அதை விட்டுப் பிரிவதில்லை. ஒன்றையொன்று ஒலி எழுப்பி அழைத்துக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே, வழி தெரிந்த மூத்தது ஒன்று நோயினாலோ தடுமாற்றத்தினாலோ ஆழம் குறைந்த நீருக்குள் வந்துவிட்டால், கூட்டம் முழுவதும் பின்தொடர்ந்து வந்து மணலில் சிக்கிக்கொள்கிறது. ஆழத்தில் கொண்டுபோய் விட்டாலும், கரையில் கிடக்கும் உறவின் குரல் கேட்டால் திரும்பிவிடுகிறது. அறிவியலார் கூறும் காரணங்களுள் எங்களை மிகவும் கவர்ந்தது இதுவே. வேறு காரணங்களும் உண்டு. இவை ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே வழி அறிகின்றன. செங்குத்தான பாறைக் கரையானால் எதிரொலி தெளிவாகத் திரும்பும். மெல்லச் சரிந்து செல்லும் மணற்கரையில் ஒலி சிதறிவிடும். முன்னால் கரை இருப்பதே தெரியாது. ஓதம் வற்றும்போது உள்ளே வந்து மாட்டிக்கொள்வதும் உண்டு. அதே 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் வடகடல் கரைகளில் 30 அளவில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஒதுங்கின. சூரியப் புயலால் பூமியின் காந்தப்புலம் குழம்பி அவை வழி தவறியிருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருத்துக் கூறினர்.

சிலர் இதைப் பூகம்பத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் முன்னறிவிப்பு என்று அச்சுறுத்துகின்றனர். 1973-இலும் 2016-இலும் திமிங்கிலங்கள் ஒதுங்கிய பின் நம் கரையில் ஆழிப்பேரலை ஏதும் எழவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இனி, தலையிடுவதைப் பற்றி. "இயற்கை தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். நோயுற்றது சாகட்டும், பறவையும் நண்டும் பசியாறட்டும். நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்?" என்பார் உண்டு. இக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. திமிங்கிலங்கள் கரையேறுவது மனிதன் கப்பல் கட்டுவதற்கு முன்பே நடந்து வந்ததுதான். ஆனால் இன்று எல்லாமே இயற்கையின் செயல் என்று சொல்லிக் கையைக் கழுவ முடியுமா? 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 கடற்பாலூட்டிகள் கரை ஒதுங்கின. போர்க்கப்பல்கள் நீருக்கடியில் செலுத்திய சோனார் ஒலியே அதற்குக் காரணம் என்று அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டது. வலைகள், கப்பல் இயந்திரங்களின் இரைச்சல், பிளாஸ்டிக் என்று கடலுக்குள் நாம் அனுப்பியவை ஏராளம். வீட்டுக்குள் புகைமூட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் இருமுவது அவரவர் உடல்வாகு என்று சொல்வது நியாயமாகாது.

மற்றொரு வாதம் நம் வீடுகளிலேயே எழும். "மீனவக் குடிசையில் பசித்த குழந்தை இருக்க, மீனுக்கு மருத்துவமா?" என்று ஒரு தந்தை கேட்டால் அவர் கேட்பதில் தவறில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்தே சொல்கிறது. விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கிறது. மனிதத் துயரைத் தீர்க்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவழிப்பதும் தகாது என்கிறது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே எங்கள் கருத்தைச் சொல்கிறோம். மணப்பாட்டில் அன்று தண்ணீரில் இறங்கியவர்கள் பணக்காரர்கள் அல்லர். அந்த மீனவர்களிடம் போய், "உங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு இதைக் காப்பாற்றுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. துடிக்கும் உயிரைக் கண்டதும் அவர்களாகவே இறங்கினார்கள். நம் ஊர்க் கோயில் யானை ருக்கு 2018 மார்ச்சில் இறந்தபோது அஞ்சலி செலுத்தத் திரண்ட மக்களை யாரேனும் வரவழைத்தார்களா? இரக்கத்துக்கு நம் மக்களிடம் பஞ்சமில்லை. இரங்குவதா வேண்டாமா என்று நாம் பட்டிமன்றம் நடத்தினாலும், அடுத்த முறை திமிங்கிலம் ஒதுங்கும்போது கரையில் இருப்பவர்கள் இறங்கத்தான் போகிறார்கள். எப்படி இறங்குவது என்பதே பேச வேண்டிய பொருள்.

மணலில் ஏறிய திமிங்கிலத்துக்கு அதன் எடையே பகை. ஒரு டன்னுக்கு மேற்பட்ட உடலைக் கடல்நீர் தாங்கிக்கொண்டிருந்தது. மணலில் அந்தத் தாங்கல் இல்லாததால் நுரையீரலும் தசைகளும் நசுங்குகின்றன. குளிர்நீருக்கென்று அமைந்த கொழுப்புப் போர்வை வெயிலில் உடலைக் கொதிக்க வைக்கிறது. தோல் வெடிக்கிறது. தலைமேலுள்ள மூச்சுத்துளைக்குள் மணலோ நீரோ புகுந்தால் மூச்சடைத்துப் போகிறது. வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு விலகிவிடும். துடுப்பைப் பிடித்து இழுத்தாலும் அப்படியே. அன்போடு இழுத்தாலும் எலும்பு விலகத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது வேறு. ஈரத்துணி போர்த்தி நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சுத்துளையை மட்டும் மூடாமல். ஒருபுறம் சாய்ந்திருந்தால் வயிறு கீழே படுமாறு நிமிர்த்தி, துடுப்புகளின் கீழே மணலைத் தோண்டிவிட வேண்டும். ஓதம் ஏறும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக அனுப்பாமல், இயன்றவரை கூட்டமாகச் சேர்த்து, தடுமாற்றம் நீங்கும்வரை நீரில் தாங்கிப் பிடித்திருந்து அனுப்ப வேண்டும். உறவைக் கரையில் விட்டுவிட்டுத் தனியே போகாது என்று தெரிந்த பிறகு, தனித்தனியே கொண்டுபோய் விடுவதில் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு, அதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் நாம் கூவுவது, "விலகுங்கள், காற்று வரட்டும்!" என்பதுதானே? திமிங்கிலத்துக்கும் கூட்டமும் கூச்சலும் ஆகாது. கைப்பேசியில் படம் எடுக்க அதன்மேல் சாய்பவர்களை அப்புறப்படுத்தினாலே பாதி உதவி செய்தவர்கள் ஆவோம்.

முறையாகச் செய்தால் பலன் உண்டு. 2020 நவம்பர் 2 அன்று இலங்கையில் கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கொரோனா ஊரடங்கு காலம் அது. கடற்படையினரும் கடலோரக் காவல் படையினரும் ஊர் மக்களும் இரவு முழுவதும் நீரில் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பிவிட்டனர். ஒரு சிலவே இறந்தன. நியூசிலாந்தில் 1974 முதல் ஓர் அமைப்பு இதற்கென்றே பொதுமக்களுக்குப் பயிற்சி தருகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'புராஜெக்ட் ஜோனா'. நம் விவிலிய வகுப்பில் வரும் யோனாதான்! அன்று பெரிய மீன் மனிதனைப் பத்திரமாகக் கரையில் சேர்த்தது. இன்று கரைக்கு வந்த பெரிய மீனை மனிதன் கடலில் சேர்க்க முயல்கிறான். (விவிலியம் 'பெரிய மீன்' என்றுதான் சொல்கிறது, திமிங்கிலம் என்று சொல்லவில்லை. அறிவியல் ஆசிரியை கோபிக்க வேண்டாம்.)

எப்போதும் பலன் உண்டு என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் செயின்ஸ் கடற்கரையில் 97 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 50-க்கு மேற்பட்டவை முதல் இரவிலேயே இறந்தன. எஞ்சியவற்றைப் பாடுபட்டுக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டும் அவை மீண்டும் கரையேறின. இனிப் பிழைக்காது என்று கண்ட கால்நடை மருத்துவர்கள் அவற்றுக்கு வலியற்ற முடிவைத் தந்தனர். இதைப் படித்தபோது எங்களுக்குள்ளேயே இரு கட்சி ஏற்பட்டது. உயிரைக் கொடுக்க இயலாதவர் எடுப்பது எப்படி என்றனர் சிலர். வெயிலில் இரண்டு நாள் நசுங்கிச் சாகவிடுவது எவ்வகை இரக்கம் என்றனர் மற்றவர். நெடுநேரம் பேசி, இரண்டாவது கட்சிக்கே பலர் சாய்ந்தோம். ஆனால் அம்முடிவைத் தேர்ந்த மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டும், ஆர்வலர் எவரும் கல்லையோ கட்டையையோ தூக்கக் கூடாது என்பதில் இரு கட்சியும் ஒன்றுபட்டது.

நம் நாட்டில் திமிங்கிலங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. கரை ஒதுங்கும் பெருங்கடல் உயிரினங்களைக் கையாளும் வழிமுறைகளை நடுவண் அரசு 2021 ஜனவரியில் வெளியிட்டது. வரவேற்கிறோம். ஆயினும் தலைநகரில் வெளியான வழிமுறை, ஜனவரி மாத விடியலில் மணப்பாட்டுக் கரையில் நிற்கும் மீனவரின் கைக்கு எட்ட வேண்டாமா? அதைத் தமிழில், படங்களோடு, ஒரே தாளில் அச்சிட்டு, மீன் இறங்குதளங்களிலும் ஆலய முகப்புகளிலும் ஒட்டலாம். புயல் எச்சரிக்கைப் பயிற்சி தருவதுபோல் கடலோரப் பள்ளிகளில் ஆண்டுக்கொருமுறை இதற்கும் பயிற்சி தரலாம். பாய்களும் வாளிகளும் பழைய போர்வைகளும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் போதும், பெருஞ்செலவு இல்லை. 1973, 2016 இரண்டிலும் ஜனவரி மாதமே குறுக்கிடுவதால், ஒவ்வொரு மார்கழி முடிவிலும் அவற்றை எடுத்துச் சரிபார்த்துவிடலாம். நம் சபைச் சகோதரிகள் முத்துக்குளித்துறையில் நடத்தும் பள்ளிகளுக்கு இக்கட்டுரையின் படி ஒன்றை அனுப்பிவைக்குமாறு எங்கள் தலைமைச் சகோதரியை வேண்டிக்கொள்கிறோம்.