ஏழு உயிர்கள், ஏழு திங்கள்

2019 பிப்ரவரி 27ஆம் நாள் காலை, காஷ்மீர வானில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்றை நாடு மனப்பாடமாக வைத்திருக்கிறது. பாகிஸ்தான் விமானங்களை எதிர்த்துப் பறந்த அபிநந்தன், எல்லைக்கு அப்பால் வீழ்ந்து, சிறைப்பட்டு, மார்ச் 1ஆம் நாள் வாகா வழியே மீண்டார். தமிழ் மண்ணின் மைந்தர். பெருமிதம் கொண்டோம், இன்றும் கொள்கிறோம். அவர் மீசையைப் போல மீசை வைத்துக்கொள்ள இளைஞர்கள் முடிதிருத்தகங்களை நாடினர். அதிலும் நமக்குக் குறையில்லை.

மற்றொன்று?

அதே காலை, ஸ்ரீநகரிலிருந்து எழும்பிய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் பட்காம் மாவட்டத்தில் வீழ்ந்து எரிந்தது. விமானப்படையினர் அறுவர் மாண்டனர். அவ்வூர்க்காரர் ஒருவரும் மாண்டார். ஏழு உயிர்கள்! வீழ்ந்தது என்றார்கள். வீழ்த்தியது எது என்று சொன்னார்களா? பகைவன் குண்டா, பழுதுபட்ட பொறியா? ஏடுகள் சில, நம் பக்கத்து ஏவுகணையே பாய்ந்திருக்கலாம் என்று அடுத்த திங்களே எழுதின. ஆட்சிப் பீடமோ வாய் திறக்கவில்லை.

வாய் திறக்கவில்லை என்பதும் முழு உண்மையன்று. வாக்குக் கேட்க நன்றாகவே திறந்தது! ஏப்ரல் 9ஆம் நாள், மராட்டியத்து லாத்தூரில், முதன்முதலாக வாக்களிக்கும் இளைஞர்கள் தம் வாக்கைப் பாலாகோட்டில் தாக்குதல் நடத்திய வீரர்களுக்குக் காணிக்கையாக்கலாகாதா எனப் பிரதமர் மோடி கேட்டார். பாலாகோட்டுக்கு மறுநாள் மாண்ட அறுவரும் அதே படையின் உடையணிந்தவர்கள்தாமே? அவர்கள் எப்படி மாண்டார்கள் என்பதை அந்த மேடை ஏன் சொல்லவில்லை? வாக்குப்பதிவு மே 19இல் முடிந்தது. 23இல் முடிவுகள் வந்தன. அதற்குப் பின்னும் நான்கு திங்களுக்கு மேல் கடந்தன. அக்டோபர் 4ஆம் நாள்தான், பொறுப்பேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த விமானப்படைத் தளபதி பதௌரியா, நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரைத் தாக்கியது, அது பெரும் பிழை, ஒப்புக்கொள்கிறோம் என்றார்.

அந்தத் தளபதியைக் குறை கூற மாட்டோம். தவற்றைத் தவறென்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். நம் வினா, அந்த நெஞ்சுரம் டில்லியில் ஏழு திங்கள் எங்கே உறங்கியது என்பதே.

விசாரணை முடிய வேண்டாமா என்பர். முடியட்டும். ஆனால் விசாரணை நடக்கிறது, நம் ஏவுகணையோ என்னும் ஐயமும் அதில் அடக்கம் என்று சொல்ல எத்தனை நாள் வேண்டும்? படையின் மனஉறுதி குலையும் என்பர். அக்டோபரில் உண்மை வந்ததே, எந்த முகாமில் எந்த வீரனின் உறுதி குலைந்தது? நண்பனா பகைவனா என்று பிரித்தறியும் கருவியும் முறையும் அன்று ஏன் உதவவில்லை என்று தெரிந்தால்தானே நாளை பறப்பவன் அச்சமின்றிப் பறப்பான்!

காலம் வரும்போது உண்மை தானே வரும் என்பாரும் உளர். பிரிட்டனைப் பாருங்கள். 1994 ஜூன் 2இல் ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டையர் குன்றில் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேர் மாண்டனர். அது போர்க்களமன்று, ஆனால் பாடம் ஒன்றே. மாண்ட விமானிகள் இருவர் மீதே கடும் கவனக்குறைவு என்று பழி சுமத்தினர் உயர் அதிகாரிகள். பிணம் மறுத்துப் பேசுமா? குடும்பத்தார் போராடினர். 2011இல்தான் அப்பழி நீக்கப்பட்டு, அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். பதினேழு ஆண்டுகள்! பட்காமில் அவ்வளவு நாள் ஆகவில்லை என்று ஆறுதல் கொள்ளச் சொல்கிறார்களா?

நாம் கேட்பது இதுதான். நாட்டின் காப்புக்கு ஊறு செய்யாத பகுதிகளையெல்லாம் சேர்த்து, பட்காம் விசாரணை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 27 வரும்போது அபிநந்தனோடு அந்த அறுவரையும் சொல்லுங்கள். ஏழாமவரை மறக்காதீர்கள். அவர் எந்தப் படையிலும் சேரவில்லை. எந்த ஆணைக்கும் கையொப்பமிடவில்லை. தம் ஊர் மண்ணில் நின்றிருந்தார்; அவ்வளவே.